மனம் வைக்கேல்லை

2025 ஆனி மாதக் கடைசி. ஓக்லஹோமா சிற்றி தண்டர் அணி என்.பி.ஏ. கூடைப்பந்துக் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில், எங்கள் பகுதிப் பூங்காவின் சீமெந்துத் தரையில், பதினைந்து வயதுப் பெடியளுக்கு ஒரு கூடைப்பந்துச் சுற்று நடந்தது. எங்கட பிள்ளைகளின் அணி நல்ல அணி. இரண்டு பேர் ஆறடிக்கு மேல். பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் தகப்பன்மார் காரில் ஏற்றி இறக்குகிறார்கள். காலில் கிடக்கும் சப்பாத்தின் விலையில் ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடும். எதிரே பிலிப்பினோப் பிள்ளைகள், எல்லோரும் கட்டை. அவர்களிடம் 41-38 என்று தோற்றோம்.

ஒரு தகப்பன் மடக்குக் கதிரையை மடக்கிக்கொண்டே சொன்னார்: “எங்கட பெடியள் மனம் வைக்கேல்லை. மனம் வைச்சிருந்தா இருபது புள்ளியால அடிச்சிருப்பாங்கள்.” சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

இரண்டு நாள் கழித்து விக்ரோரியா வீதியில் மரக்கறிக் கடை வாசலில் அதே வாக்கியம், இந்தமுறை இறுதித் தொடரில் இந்தியானா பேசர்ஸை வென்ற தண்டரைப் பற்றி. சொன்னவர் முப்பது வருடமாகக் கூடைப்பந்து பார்க்கிறவர். வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆளில்லை. “பெரிய அணிக்கு எப்ப விளையாட வேணுமெண்டு தெரியும், தம்பி. ஆறாவது ஆட்டத்தை விட்டுக்குடுத்தாங்கள், ஏழாவதை எடுத்தாங்கள். பேசர்ஸ் அவ்வளவு தூரம் வந்ததே இவங்கள் அசட்டையா நிண்டபடியால்தான்.” பூங்காவில் கேட்டது தோல்விக்கு ஆறுதல். இது முழுத் தத்துவம்: பெரிய அணி சின்ன அணியிடம் தோற்றால் காரணம் எப்போதும் பெரிய அணிக்குள்ளேதான் இருக்கும். தொலைக்காட்சி விமர்சகர்களிலிருந்து வட்ஸ்அப் குழு மாமாமார் வரை இன்று கூடைப்பந்து பார்க்கிற பாதிப்பேர் இந்தத் தத்துவத்தின் அடியார்கள்.

அதில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முயற்சி ஓரளவு அளக்கக்கூடிய சாமான். எத்தனை எறிதலுக்குக் கை நீட்டி மறித்தார்கள், எத்தனை பந்தைத் தட்டிவிட்டார்கள், தரையில் உருண்ட பந்தில் எத்தனையைப் பாய்ந்து எடுத்தார்கள் என்ற கணக்கை என்.பி.ஏ. 2016 முதல் வெளியிடுகிறது. வழமையான பருவத்தில் பெரிய நட்சத்திரங்கள் சிலர் உடம்பைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள் என்பதும் மெய்தான். 65 ஆட்டம் ஆடாதவருக்குப் பெரிய விருதுகள் இல்லை என்று 2023-24 பருவத்தில் சட்டம் போடவேண்டி வந்தது அதனால்தான். பயிற்சியாளருக்கும் இந்தப் பேச்சு உதவும். உயரத்தை ஒரே இரவில் கூட்ட முடியாது, ஓட்டத்தைக் கூட்டச் சொல்லலாம்.

2019ஐயும் எனக்கு எதிராகக் கொண்டுவரலாம். 58 ஆட்டம் வென்று வந்த ரொறன்ரோ ராப்டர்ஸ், 42 மட்டுமே வென்ற ஒர்லாண்டோ மஜிக்கிடம், சொந்த மைதானத்தில், கிண்ணச் சுற்றின் முதல் ஆட்டத்தை 104-101 என்று தோற்றது. அடுத்த ஆட்டம் 111-82. அதோடு சேர்த்துத் தொடர்ச்சியாக நாலு வெற்றி, கடைசியில் கிண்ணம். முதல் நாள் நித்திரை, இரண்டாம் நாள் விழிப்பு என்று சொன்னால் மறுப்பது கடினம். அந்தத் தொடரில் மொன்றியலில் வளர்ந்த கிறிஸ் பூஷே ரொறன்ரோ அணியிலும், கெம் பேர்ச் ஒர்லாண்டோ அணியிலும் இருந்தார்கள். எங்கள் நகரத்துக்கு அது இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்ற சண்டை.

ஆனால் அந்த முதல் ஆட்டத்தின் கடைசி விநாடிகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒர்லாண்டோவின் டி.ஜே. ஒகஸ்டின் பந்தோடு வருகிறார், அவருடைய ஆள் ஒருவர் குறுக்கே நின்று மறிப்புக் கொடுக்கிறார். ரொறன்ரோவின் கவாய் லெனர்ட், மார்க் கசோல் இருவரும் அங்கேதான் நிற்கிறார்கள். ஒகஸ்டினிடம் மற்றவர் போவார் என்று ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து, இருவருமே போகவில்லை. எறிதல் உள்ளே போனபோது கடிகாரத்தில் நாலு விநாடிகூட மிச்சமில்லை. இருவரில் யார் சோம்பேறி? கசோல் அந்த அணிக்கு வந்து இரண்டு மாதம். வாயைத் திறந்து “நான் போறன்” என்று ஒருவர் கத்தும் பழக்கம் அவர்களுக்குள் இன்னும் உறையவில்லை. ரொறன்ரோவின் கைல் லவுரியை அன்று ஊரே திட்டியது: ஏழு எறிதல், ஒன்றும் விழவில்லை, பூச்சியப் புள்ளி. அவர் களத்தில் நின்ற நிமிடங்களை மட்டும் எடுத்தால் ராப்டர்ஸ் 11 புள்ளியால் முன்னுக்கு நின்றது. மனம் வைக்காதவர் என்று நாம் கைகாட்டிய ஆள் அணியைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

விட்டுக்கொடுப்பு இத்தோடு சரி. எனக்கு இந்த வாக்கியத்தில் நெடுங்காலமாக ஒரு முள் உண்டு. தோற்றவரைத் திட்டுவதுபோலத் தொடங்கி, வென்றவரின் வெற்றியை அது பறித்துக்கொண்டு போகிறது.

2025 இறுதித் தொடரையே எடுப்போம். தண்டர் அந்தப் பருவத்தில் 68 வெற்றி, 14 தோல்வி. இந்தியானா பேசர்ஸ் 50-32. அதுவும் பருவத் தொடக்கத்தில் 10-15 என்று கிடந்து எழும்பியது. முதல் ஆட்டத்தில் தண்டர் எதிரணியை 25 தடவை பந்தை இழக்கவைத்தது. நாலாவது கால்பகுதியில் 15 புள்ளி முன்னிலை. பேசர்ஸ் அந்த ஆட்டம் முழுவதிலும் ஒரேயொரு தடவைதான் முன்னால் வந்தது: 0.3 விநாடி மிச்சமிருக்க டைரீஸ் ஹலிபேர்ட்டன் எறிந்து 111-110. “15 புள்ளி வந்ததும் அசந்துபோனாங்கள்” என்றார்கள். 25 பந்தைப் பறிக்கிற அணி அசந்து நிற்கிற அணியா என்று யாரும் கேட்கவில்லை.

அது போகட்டும். அதே பேசர்ஸ் அதே வசந்தத்தில் வேறு மூன்று அணிக்கும் இதையே செய்திருந்தது. சித்திரையில் மில்வோக்கி, மேலதிக நேரத்தில் ஏழு புள்ளி முன்னால், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, தோற்றது. வைகாசியில் 64 ஆட்டம் வென்றுவந்த கிளீவ்லாந்து, அங்கும் ஏழு புள்ளி, கடைசி நிமிடம், 120-119 என்று தோற்றது. (கிளீவ்லாந்துக்கு அன்று முக்கியமான ஆட்கள் காயத்தில் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன்.) அதே மாதம் நியூயோர்க், மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 14 புள்ளி முன்னால் நின்று, மேலதிக நேரத்தில் 138-135 என்று தோற்றது. நாலு நகரம், நாலு பயிற்சியாளர், நாலு வேறு குணமுள்ள அணி. எல்லாரும் சரியாக அந்த ஒரு அணிக்கு முன்னால், சரியாக அந்தக் கடைசி நிமிடங்களில் மட்டும் நித்திரை கொண்டார்களா? ஒரு வீட்டில் களவு போனால் சொந்தக்காரர் கவனயீனம் எனலாம். ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டில் போனால் கள்ளன் கெட்டிக்காரன் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் கெட்டித்தனம் என்ன என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பயிற்சியாளர் றிக் கார்லைல் பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்குவார். எதிரணி பந்தை உள்ளே போடும் இடத்திலிருந்தே, 94 அடி நீளமும், ஒருவர் ஒட்டிக்கொண்டு வருவார். ஒன்ராறியோவில் வளர்ந்த அன்ட்ரூ நெம்பார்ட்டின் வேலை இன்னொரு ஒன்ராறியோக்காரரான, தண்டரின் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரை நிம்மதியாகப் பந்தை நகர்த்தவிடாமல் அரிப்பது. இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் பேசர்ஸின் ரி.ஜே. மக்கொனலைப் பாருங்கள். எந்த அணியும் தேர்வு நாளில் கூப்பிடாத சிறிய உருவம். கூடை விழுந்தபின் எல்லோரும் திரும்பி ஓட, அவர் ஓடுவதுபோல இரண்டு அடி எடுத்துவைத்து, எல்லைக்கோட்டுப் பக்கம் பதுங்கி, உள்ளே போடும் பந்தில் பாய்வார். அன்று ஐந்து பந்து திருடினார். ஒருவர் இப்படிச் செய்தால், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பந்து போடுகிறவர் இரண்டாம் முறை பார்க்கவேண்டும், வாங்குகிறவர் திரும்பி வரவேண்டும். நாற்பது தடவை திரும்பி வந்தவன் கால் என்னவாகும்?

அந்த ஆட்டத்தில் மூன்று கால்பகுதி முடிவில் தண்டர் 89-84 என்று முன்னால் நின்றது. நாலாவதில் 18 புள்ளிதான் எடுக்க முடிந்தது, கொடுத்தது 32. எறிதல்கள் கூடைக்குக் குட்டையாக விழுந்தன, காவலுக்குத் திரும்புவதில் அரை அடி பிந்தினார்கள். தொலைக்காட்சியில் பார்க்கிற நமக்கு அது அசட்டை. களைப்புக்கும் அசட்டைக்கும் திரையில் ஒரே முகம்தான்: கை இடுப்பில், தலை கீழே, காலில் ஒரு தாமதம். ஆனால் அசட்டை தோற்றவனுக்குள்ளிருந்து வருவது. களைப்பை எதிராளி உண்டாக்கினான், பத்துப் பேரை வைத்து, திட்டம்போட்டு, மூன்று கால்பகுதி வேலைசெய்து உண்டாக்கினான். வெற்றி கைக்கு வரும் நேரத்தில் நாம் அதன்மேல் இருக்கும் எதிராளியின் பெயரை அழித்து, தோற்றவனின் பெயரை எழுதிவிடுகிறோம்.

சரி, கடை வாசல் அண்ணையின் ஆறாவது ஆட்டம்? 21 பந்திழப்பு, அதில் எட்டு கில்ஜஸ்-அலெக்சாண்டர் தனியாக. ஒரு கட்டத்தில் 31 புள்ளி பின்னால். அதன் பிறகுதான் முக்கிய ஆட்களை வெளியே இருத்தினார்கள். விட்டுக்கொடுத்ததால் தோற்கவில்லை, தோற்றுவிட்டதால் விட்டார்கள். ஏழாவது ஆட்டத்தில் ஏதோ பொத்தானை அழுத்தி எழும்பினார்கள் என்பதும் கதை. ஹலிபேர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியே போனார். அவர் இல்லாமலே அரை நேரத்தில் 48-47 என்று முன்னால் நின்றது பேசர்ஸ். உயிரைக் கொடுத்து ஆடுகிற தண்டருக்கு எதிராக, தலைவன் இல்லாத அணி, எதிராளியின் மைதானத்தில்! மூன்றாவது கால்பகுதியில்தான் தண்டரின் கை ஓங்கி, 103-91 என்று முடிந்தது. பெரிய அணி முழு மனத்தோடு விளையாடினால் சின்ன அணி தூசி என்ற தத்துவம் அந்த 24 நிமிடத்தில் எங்கே போய் ஒளிந்தது?

இந்த வியாதி கூடைப்பந்தோடு பிறந்ததில்லை. 1983 கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியில், லோர்ட்ஸில் இந்தியா 183 ஓட்டம் எடுத்து, மேற்கிந்தியத் தீவுகளை 140க்குச் சுருட்டியபோது “மெத்தனத்தால் தோற்றார்கள்” என்றுதான் பேச்சு. அவர்களின் ரிச்சர்ட்ஸ் அலட்சியமாகத் தூக்கியடித்தார் என்று இன்றும் கதைக்கிறார்கள். கபில்தேவ் பின்னோக்கி ஓடி அதைப் பிடித்ததை அழகான காட்சியாக வைத்துக்கொள்கிறோம், காரணமாக வைத்துக்கொள்வதில்லை. அதே ஆண்டு பங்குனிக் கடைசியில் பெர்பிஸில் இந்தியா அவர்களை 27 ஓட்டத்தால் தோற்கடித்திருந்தது. உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஓல்ட் டிரஃபோர்டில் 34 ஓட்டத்தால் தோற்கடித்திருந்தது. இடையில் அவர்களும் இந்தியாவை வென்றார்கள்தான். ஆனாலும் மூன்று மாதத்துக்குள் மூன்று தடவை ஒரே அணியிடம் தோற்கிறவனுக்கு நோய் மெத்தனம் என்றால், வைத்தியரை மாற்றவேண்டும்.

மொன்றியல்காரர் இதை எல்லோருக்கும் முதல் அறிந்திருக்க வேண்டும். 2010இல் நமது ஹொக்கி அணி கனேடியன்ஸ் 88 புள்ளியோடு எட்டாவது இடத்தில் தொற்றிக்கொண்டு கிண்ணச் சுற்றுக்குள் வந்தது. எதிரே 121 புள்ளியோடு வாஷிங்டன், லீக்கிலேயே முதலிடம், ஒவெச்கின் தலைவர். தொடர் 3-1 என்று வாஷிங்டன் பக்கம். பிறகு மூன்றையும் கனேடியன்ஸ் வென்றது. ஆறாவது ஆட்டத்தில் வாஷிங்டன் 54 தடவை கோலை நோக்கி அடித்தது, கனேடியன்ஸ் 22. நமது கோல் காப்பாளர் யரோஸ்லாவ் ஹலாக் 53ஐத் தடுத்தார். ஏழாவதில் 42க்கு 16. நமக்கு 2-1 வெற்றி. எதிரணியில் ஆள் குறைந்து நின்ற நேரங்களில் அந்தத் தொடர் முழுக்க வாஷிங்டன் 33 வாய்ப்பில் ஒரு கோல்தான் போட்டது. 54 தடவை அடிக்கிறவனுக்கு மனம் இல்லை என்று சொல்ல எப்படி வாய் வரும்? ஆனால் அந்தக் கோடை முழுக்க வாஷிங்டன் வீரர்களின் ‘இதயம்’ பற்றித்தான் விவாதம். ஹலாக்கின் கையுறையை அளந்தவர்களைவிட ஒவெச்கினின் மனத்தை அளந்தவர்களே கூட.

இதற்குள் இன்னொரு தந்திரம் இருக்கிறது. அதுதான் எனக்கு உண்மையில் எரிச்சல். முயற்சி என்ற சொல் இரண்டு பக்கமும் வெட்டும். பெரிய அணி தோற்றால் ‘முயற்சி போதாது’. சின்ன அணி வென்றால் ‘என்ன முயற்சி!’. இரண்டு வாக்கியத்திலும் திறமை அசையாமல் பெரிய அணியின் வீட்டிலேயே குந்தியிருக்கிறது. சின்னவனுக்குக் கிடைப்பது வியர்வைக்கான பாராட்டு மட்டும்.

2025 கூடைப்பந்து இறுதித் தொடரில் இரண்டு பக்கமும் மொன்றியல்-நோர் பிள்ளைகள் நின்றார்கள், இருவரும் ஹெயிற்றியக் குடும்பத்தவர். தண்டரில் லுகென்ட்ஸ் டோர்ட், பேசர்ஸில் பெனெடிக்ட் மத்துரன். மத்துரன் மூன்றாவது ஆட்டத்தில் வாங்கிலிருந்து எழும்பி வந்து 27 புள்ளி எடுத்தார். டோர்ட் 2019இல் யாரும் தேர்ந்தெடுக்காமல் உள்ளே வந்தவர். 2025இல் லீக்கின் சிறந்த காவல் ஐவரில் ஒருவர். டோர்ட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுக்கும் முதற்சொல் எப்போதும் ‘உழைப்பாளி’. அவர் காவல் நிற்பதைக் கிட்டத்தில் பாருங்கள். மறிப்புக்கு வருகிறவனை முதுகால் உணர்ந்து, தோளைக் கால்வாசி திருப்பி, இடைவெளிக்குள் வழுக்கிப்போய் மறுபக்கம் முன்னால் நிற்பார். அது கணக்கு, படிப்பு, ஆயிரம் தடவை எதிராளியைப் பார்த்து மனப்பாடம் செய்த வித்தை. வெள்ளை உடுப்புப் போட்டு வயலின் வாசிக்கிறவனிடம் இதே நுணுக்கம் இருந்தால் மேதை என்கிறோம்.

கோட்-டெ-நெய்ஜில் இருக்கிற நமக்கு இது புதுக்கதையா? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து இந்த நகரத்து உணவகக் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கி, மூன்றாம் வருடம் பிரெஞ்சுச் சமையல்காரன் விடுப்பில் போனபோது அவனுடைய சோஸை அவனைவிட நன்றாக வைத்தவர்கள் எத்தனை பேர். முதலாளியின் வாயிலிருந்து வந்த பாராட்டு ஒன்றுதான்: தமிழர் கடின உழைப்பாளிகள். கெட்டிக்காரர் என்று எவன் சொன்னான்? அந்தச் சொல்லின் கசப்பை முப்பது வருடம் விழுங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவுடன் முதலாளியின் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறோம்.

வீட்டுக்குள்ளும் அதே கண்ணாடிதான். “என்ர பிள்ளை கெட்டிக்காரன், படிக்கேல்லை. படிச்சிருந்தா முதலாம் பிள்ளை.” இதைச் சொல்லாத தமிழ்த் தாய் தகப்பன் இந்தப் பூமியில் உண்டா தெரியாது. பிள்ளையைக் கண்டிப்பதுபோலத் தோன்றும் இந்த வாக்கியம் உண்மையில் பிள்ளைக்குக் கட்டிய கோட்டை. முதலாம் பிள்ளையாக வந்த மற்றப் பிள்ளை என்ன படித்தது, எப்படிப் படித்தது, நமது பிள்ளைக்குத் தெரியாத எது அதற்குத் தெரியும் என்று பார்க்கவேண்டிய வேலை மிச்சம். அந்த இடம் நமது பிள்ளையுடையது; இந்தமுறை வேண்டாமென்று விட்டதை மற்றப் பிள்ளை எடுத்துக்கொண்டது. ஒரு பிள்ளையைக் கெடுக்க இதைவிடச் சுகமான வழி எனக்குத் தெரியாது. நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் தோல்வியிலிருந்து எதையும் கற்காத அணிகளையும் ஆட்களையும் நான் பார்த்த இடமெல்லாம் இந்த வாக்கியம் வாசலில் நின்றிருக்கிறது.

பூங்காவில் அன்று நடந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் அணியில் பந்தைக் கொண்டுவருகிறவன் உயரமான, கைப்பழக்கம் உள்ள பெடியன். பிலிப்பினோ அணியில் அவனுடைய நெஞ்சளவு உயரத்தில் ஒரு பொடியன், நீலக் காலுறை போட்டவன். முதல் நிமிடத்திலிருந்து அவன் செய்தது ஒன்றே: எங்கள் பெடியன் வலப்பக்கம் திரும்ப முடியாதபடி வலக்கால் பக்கமாக ஒட்டிக்கொண்டு, தரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வந்தான். எங்கள் பெடியனுக்கு இடக்கையால் தட்டுவது வராது. எங்களில் யாருக்கும் அது தெரியாது, வாரம் மூன்று நாள் காரில் ஏற்றி இறக்கிய எங்களுக்கு. அந்தப் பொடியன் அதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருந்தான். கடைசிக் கால்பகுதியில் எங்கள் பெடியன் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றதைத்தான் மனம் வைக்கவில்லை என்று நாங்கள் மொழிபெயர்த்தோம்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் பிள்ளைகளுக்குப் பழச்சாறும் ரோல்ஸும் கொடுத்தோம், அடுத்த சனிக்கிழமை இன்னும் ஒரு மணித்தியாலம் பயிற்சி என்று முடிவெடுத்தோம், கதிரைகளைக் காரில் ஏற்றினோம். நீலக் காலுறைப் பொடியனின் பெயரை யாரும் கேட்டுவைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.